மழை மேல் பழி

"கேஸ் நம்ம பக்கம்தான்க்கா. பழியைத் தூக்கி மழை மேல போட்டுட்டுப் போயிட்டே இருப்போம்" என்றாள் தங்கை, அபராதச் சீட்டை விசிறிபோல் ஆட்டியபடி. அவள் வக்கீல். சாப்பிட வந்த வீட்டில்கூட வாதாடாமல் எழுந்து போகமாட்டாள்.

அக்கா மாஸ்டரம்மா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். விபத்தில் பிசகிய கழுத்துக்குப் பட்டை மாட்டியிருந்ததால் தலையை ஆட்ட வழியில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கைகள் மடியில் சும்மா கிடந்தன.

"கவனக்குறைவா ஓட்டினதா எழுதியிருக்கார் போலீஸ்காரர். நீ ஒத்துக்கிட்டா ஆறு மாசம் லைசென்ஸ் முடக்கம். உன் டிரைவிங் ஸ்கூலை இழுத்து மூட வேண்டியதுதான். எதிர்த்து நின்னா, கொட்டுற மழையில யார் வண்டியும் வழுக்கும்னு சொல்லி ஒரே நாள்ல உடைச்சிடலாம்."

"ம்."

"அதுவும் நீ எவ்வளவு பொறுப்பா இருந்திருக்கே! மழை வலுத்ததும், கத்துக்க வந்த பொண்ணைப் பாதியிலேயே அவ வீட்டுல இறக்கி விட்டுட்டுத்தானே கிளம்பினே? இதை நான் கோர்ட்ல அழுத்திச் சொல்வேன்."

மாஸ்டரம்மாவுக்கு மனசு ஆறவில்லை. அவள் வண்டி போய் மோதியது ஏதோ ஒரு கம்பத்தில் இல்லை. பழைய கூட்டாளியின் டிரைவிங் ஸ்கூல் வாசலில் ஆளில்லாமல் நின்ற புத்தம்புதுக் காரில்.

அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். தம்பி, தம்பி என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பாதிப் பங்கும் கொடுத்தாள். அவள் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரம் பார்த்து, ஸ்கூலை மொத்தமாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான்.

தையல் பிரித்து வந்து பார்த்தால், பலகையில் அவள் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை பெயின்ட். ஓர் ஓட்டைக் காரை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இன்றைக்கும் அவனை நினைத்தால் அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

அழைப்பு மணி அடித்தது. கையில் ஆப்பிள் பையோடு வந்து நின்றவன் சாட்சாத் அவனேதான்.

"கழுத்து எப்படி இருக்குக்கா? கார் போனா போகுது, விடுங்க. நானே கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்றேன். ஜன்னல் வழியா என் கண்ணால பார்த்தேனே, உங்க வண்டி தண்ணியில சறுக்கிக்கிட்டுதான் வந்துச்சு."

"ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு" என்றாள் தங்கை. எதிராளியே வந்து சாட்சி சொல்கிறேன் என்றால் எந்த வக்கீலுக்குக் கசக்கும்? அவளுக்கு வாயெல்லாம் பல்.

"அக்கா மேல எனக்கு என்னங்க கோபம்? மழையில எப்படி பிரேக் பிடிக்கணும்னு எனக்கே சொல்லிக்குடுத்தவங்க. அவங்களுக்கே கை தவறிப்போச்சு பாருங்க. பாவம், வயசாகுதில்ல!"

போகிற போக்கில் மாஸ்டரம்மாவின் தோளை வேறு தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சீட்டை இப்படிக் குடு. ஃபைனைக் கட்டிடறேன். தப்பு என் மேலதான்னு ஒத்துக்கப் போறேன்."

தங்கை விக்கித்துப் போனாள். "உனக்கென்ன பைத்தியமா? அவன் தயவு வேண்டாம்னு வீம்பு பிடிக்கிறியா? சரி, வேண்டாம். அவன் சாட்சி இல்லாமலே நான் ஜெயிச்சுத் தர்றேன்."

"நீ ஜெயிக்கவே வேண்டாம்."

"ஆறு மாசம் சோத்துக்கு என்ன பண்ணுவே?"

"உன் வீட்டுக்கு வர்றேன். போடமாட்டியா?"

"விளையாடாதேக்கா! மழை செஞ்ச வேலைக்கு நீ ஏன் தண்டனை அனுபவிக்கணும்?"

கழுத்தைத் திருப்ப முடியாத மாஸ்டரம்மா, உடம்போடு மொத்தமாகத் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"மழை இடிச்சுதுன்னு அவன் நினைச்சுட்டா, அப்புறம் நான் இடிச்சதுக்கு என்னடி அர்த்தம்?"