கூடையில் போட்டவை

ஜோசெஃபின் மேடைப்படியில் கால் வைத்ததும் அவளுடைய கணவர் எத்மோன் டிரம் குச்சிகளை எடுத்துக்கொண்டார்.

பிரெஞ்சுப் படையின் இசைக்குழுவில் டிரம் அடித்து ஓய்வு பெற்றவர் அவர். ஆண்டுதோறும் காரைக்காலில் கூடும் இந்தச் சபை மாநாட்டில், சாட்சி சொல்பவரின் குரல் எங்கே தாழ்கிறதோ அங்கே மூன்று அடி கொடுப்பது அவருடைய பொறுப்பு. அடிக்கொரு அல்லேலூயாவாகப் பந்தல் முழங்கும்.

சொல்லப்பட்டது என்ன என்று எவரும் எடைபோடுவதில்லை. குரல் தாழ்ந்தால் முழக்கம், அதுவே வழக்கம்.

மேடைக்குக் கீழே ஒரு பெரிய மூங்கில் கூடை. சுகம் பெற்றோம் என்று நம்புகிறவர்கள் தங்கள் மாத்திரைகளையும் ஊன்றுகோல்களையும் அதில் போட்டுவிட்டுப் போவார்கள்.

சென்ற ஆண்டு, மகள் ழிசெலின் வலிப்பு மாத்திரைகளை டப்பாவோடு அதில் போட்டவர் எத்மோன். போட்ட கையோடு டிரம்மைச் சுற்றி அவர் ஆடிய ஆட்டத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை.

அன்று முதல் குழந்தைக்கு வலிப்பு வரவில்லை. அந்த அற்புதத்தைச் சொல்லத்தான் ஜோசெஃபினை மேடைக்கு அழைத்திருந்தார்கள்.

ஏறி நின்றவளின் முகம் எத்மோனுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பந்தலில் விளக்கு போதவில்லை என்று எண்ணிக்கொண்டார்.

கூடையருகே, திருவேட்டக்குடியிலிருந்து வந்த அமுதம் நின்றாள். இடுப்பில் மகன், கையில் அவனுடைய மாத்திரைப் பொட்டலம். அவனுக்கும் வலிப்புதான். ழிசெலின் கதையை அவளுக்குச் சொல்லி அழைத்து வந்தவரே எத்மோன்தான்.

ஜோசெஃபின் மைக்கைப் பிடித்தாள்.

"ஒரு வருஷமா எங்க ழிசெலுக்கு வலிப்பு வரலங்க."

டிரம் அதிர்ந்தது. பந்தல் எழுந்து நின்றது. அல்லேலூயா, அல்லேலூயா என்று கைகள் உயர்ந்தன; கஞ்சிராக்கள் குலுங்கின; ஒருத்தி கூந்தல் அவிழச் சுழன்றாள்; கால்கள் கிளப்பிய மணல் விளக்குகள்வரை எழும்பிற்று.

அமுதத்தின் கை கூடைக்கு மேலே நீண்டது.

"அமுதம், போடாதடி!"

மைக் கிறீச்சிட்டது. ஜோசெஃபின் மூச்சு விடாமல் பேசினாள்.

"போன வருஷம் இவரு போட்ட டப்பாவ அன்னிக்கே நான் எடுத்துட்டேன். தெனமும் கஞ்சியில வெல்லம் போட்டுக் கரைச்சுக் குடுத்தேன். தீந்துபோனா, மீன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி வாங்கியாந்தேன். ஆண்டவருதான் காப்பாத்துனாரு. மாத்திரையக் குடுத்துக் காப்பாத்துனாரு."

குரல் தாழ்ந்தது.

எத்மோனின் கைகள் அடித்துவிட்டன.

"அல்லேலூயா!" என்றது பந்தல்.

இரண்டாம் அடியும் விழுந்தது. இம்முறை பின்வரிசையில் சிலர் மட்டுமே முழங்கினார்கள். பாதியில் அவர்களும் அடங்கினார்கள். மூன்றாம் அடிக்காக ஓங்கிய குச்சி அப்படியே நின்றது.

பிரசங்கியார் பாடகர்களை நோக்கிக் கையசைத்தார். அவர்கள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமுதம் கையை இழுத்துக்கொண்டாள். பொட்டலம் அவள் மார்புக்கும் மகனுக்கும் நடுவே மறைந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர் வந்து, குனிந்து, கூடையிலிருந்து தம் ஊன்றுகோலை உருவிக்கொண்டார். பிறகு ஒரு பெண், முந்தானையால் முகத்தை மறைத்தபடி கூடைக்குள் துழாவினாள்.

எத்மோன் குச்சிகளை இறக்கித் தலை குனிந்தார். ஓராண்டாக வீடு வீடாகப் போய் அவர் சொல்லிவந்த அற்புதம்! குழந்தை அவர் மடியில் உட்கார்ந்துதான் நாள்தோறும் அந்தக் கஞ்சியைக் குடித்தது.

ஜோசெஃபின் இறங்கி வந்து அவரருகே நின்றாள். அவர் நிமிரவில்லை. அவள் தன் கைப்பையைத் திறந்து, எதையோ எடுத்து டிரம்மின் தோல்மீது வைத்தாள்.

"திட்டுறத வூட்டுல போயித் திட்டுங்க. மொதல்ல இத மாட்டுங்க."

அவருடைய மூக்குக்கண்ணாடி. சென்ற ஆண்டு, மாத்திரை டப்பாவைத் தொடர்ந்து, ஆட்டத்தின் உச்சத்தில் கழற்றி அதே கூடையில் அவர் வீசியது.

மாட்டிக்கொண்டார்.

பந்தலில் விளக்குகள் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தன.