கூம்பைக் கழற்றிய பிறகு

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பச்சைத்தண்ணி பல்லுல படலைங்க. தட்டுல வச்சா முகத்தைத் திருப்பிக்குது."

பூங்கொடிதான். நேற்றுத்தான் பெருந்துறையிலிருந்து வந்து நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு போனவள்.

கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது.

வந்ததுமே தன்மேல் எரிச்சலாகவும் வந்தது. ஒரு வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கிறது. இதில் என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது.

வண்டி ஏறி நசுங்கிய பின்னங்காலோடு வந்த குட்டி அது. கால் கூடி, நல்ல வீடு ஒன்று அமையும்வரை வைத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. நாய்களை மீட்கும் குழுவில் முதலிலேயே சொல்லித்தான் கொடுத்தார்கள். பெயர் வைக்காதீர்கள். மடியில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்புறம் பிரிய முடியாது.

பெயர் வைக்கவில்லை. கண்ணு என்று கூப்பிட்டதெல்லாம் பெயரில் சேராது.

ஆனால் தையலை நக்காமல் இருக்க டாக்டர் அதன் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை மாட்டிவிட்டார். குனிந்தால் கூம்பு தட்டில் இடித்தது. சோறெல்லாம் சிதறியது.

குட்டி அவளைப் பார்த்தது.

தயிர் ஊற்றிக் குழையப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

கூம்பைக் கழற்றிய அன்றைக்கே அதை நிறுத்தியிருக்க வேண்டும். நாளைக்கு நிறுத்தலாம், நாளைக்கு நிறுத்தலாம் என்று நேற்றுக் காலைவரை ஊட்டினாள். இந்தக் கூத்தைப் பூங்கொடியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமலே அனுப்பிவிட்டாள்.

வெட்கம்தானா?

இப்போதும் சொல்லாமல் இருக்கலாம். இன்னும் ஒரு நாள் பார்ப்பார்கள். பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். வாசலில் கார் நிற்கும். அது நொண்டிக்கொண்டே ஓடிவரும்.

இது வாடகை வீடு. வீட்டுக்காரர் இத்தனை நாள் பொறுத்ததே பெரிது. அங்கே தோட்டம் இருக்கிறது, விளையாடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

"உங்ககிட்ட எப்படிங்க சாப்பிட்டுச்சு? இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். நீங்க சொல்லச் சொல்லச் செய்யறேன்."

"தயிர் ஊத்திப் பிசைஞ்சு கையில வச்சு நீட்டுங்க."

சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை.

அந்தப் பக்கம் தரையில் நகங்கள் பிறாண்டும் சத்தம்.

"உங்க குரலைக் கேட்டதும் எந்திரிச்சு ஓடி வந்துருச்சுங்க. போனையே மோந்து மோந்து பாக்குது. என் கையைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது."

கண்ணு என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள். தன் குரல் கேட்கும்வரை அது அந்தக் கையைத் தேடாது.

பூங்கொடி ஏதோ சொல்லிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். வளையல் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

பிறகு நாக்கின் சத்தம். முதலில் ஒரு நக்கு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் ஆவலாக, அள்ளி அள்ளி.

அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியா, பொறாமையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"சாப்பிடுதுங்க. கேக்குதுங்களா?"

அவள் துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?"