நாலாவது தடம்

பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். எந்த லென்ஸை மாட்டுவது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது.

முடிவுக்கோட்டுக்குப் பின்னால் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கென்று கயிறு கட்டி இடம் விட்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் மாட்ட வேண்டியதை மாட்டி, ஊன்ற வேண்டியதை ஊன்றி, ஒற்றைக் கண்ணை மூடிவிட்டார்கள். பெண்கள் நூறு மீட்டர், இறுதி ஓட்டம். எதிர்முனையில் எட்டுப் பேரும் வந்து நின்று காலை உதறிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாவது தடத்தில் நின்றவள் அவருடைய மகள். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள்.

பையில் இருந்தவை இரண்டு. ஒன்று வெள்ளை லென்ஸ். கைக்குழந்தை கனம். இத்தனை வருடமாக அதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பவளின் கண்ணிமையைக்கூட அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆனால் ஒருத்தியைத்தான் அள்ளும். கிட்டே கொண்டுவரவோ தள்ளிப்போடவோ அதில் வழியே கிடையாது. ஓட்டம் தொடங்கும் முன்பே, இவள்தான் ஜெயிப்பாள் என்று ஒரு தடத்தில் குறி வைத்துவிட வேண்டும்.

அவர் குறி தப்பாது என்று ஊருக்கே தெரியும். அவர் லென்ஸ் திரும்பிய பக்கம் தங்கள் லென்ஸையும் நைசாகத் திருப்பிக்கொள்கிற ஆட்கள் அந்தக் கயிற்றுக்குள்ளேயே நாலைந்து பேர் இருந்தார்கள். ஓடுகிற பெண்களும் ஓரக்கண்ணால் பார்த்துவைப்பார்கள்.

போன மாதம் வேறொரு போட்டியில் தப்பியது. தெரிந்தேதான் செய்தார். பெற்ற மனசு கேட்கவில்லை, மகளின் தடத்தில் வைத்துவிட்டார். அவள் கடைசியாக வந்தாள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஜெயித்தவள் சிரித்துக்கொண்டிருக்க, இவர் பத்திரிகை மட்டும் துக்க வீடு மாதிரி இருந்தது. இன்னொரு தடவை ஜெயித்தவள் படம் இல்லாமல் வந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று ஆசிரியர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். சொன்னது வாலுவின் காதுக்கும் போயிருந்தது. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்றைக்கு எல்லோரும் கைகாட்டுவது நாலாவது தடத்தை. குதிரை மாதிரிப் பெண். அவளை இதுவரை யாரும் முந்தியதில்லை.

"என்னண்ணே, பொண்ணா பொழப்பா?" என்றான் பக்கத்தில் இருந்த மீசை. வேறு பத்திரிகைக்காரன். கிண்டலாகத்தான் கேட்டான். இவர் பைக்குள் குனிந்துகொண்டார்.

இரண்டாவது லென்ஸ், அலுவலகத்தில் புதிதாகக் கொடுத்த கறுப்பு ஜூம். வளையத்தை இப்படித் திருப்பினால் எட்டுப் பேரும் அடங்குவார்கள். அப்படித் திருப்பினால் ஒருத்தி மட்டும். அதை அவர் கையால் தொட்டதில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்கிறவனுக்குத்தான் இந்த வளையமெல்லாம் என்று அலுவலகத்தில் எல்லோர் எதிரிலும் நக்கல் அடித்தவர்.

நக்கல் அடித்த அதையே எடுத்து மாட்டினார். யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாம்பும் சாகும், கம்பும் முறியாது. எட்டுப் பேரும் தெரிகிற மாதிரி அகலமாக வைத்துக்கொண்டு கண்ணைப் பதித்தார்.

வாலு நிமிர்ந்து பார்த்தாள். அந்த வெள்ளை லென்ஸைத் துடைத்து வளர்ந்த பெண். அங்கே வெள்ளை இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அப்பா யார் மேலும் கண் வைக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் தோள் கீழே இறங்கியதை இவர் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தார்.

அவள் கையை இடுப்புக்கு மேலே தூக்காமல் நாலு விரலைக் காட்டினாள்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. மறுபடி நாலு விரல். தாடையால் நாலாவது தடத்தையும் ஒரு இடி இடித்துக் காட்டினாள். அங்கே வைங்கப்பா.

அடிப் பாவி மகளே. ஓடுவதற்கு முன்னாலேயே அப்பனுக்காக விட்டுக்கொடுக்கிறாளே! அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. திருப்பிக் கத்தவும் முடியாது. அவள் குனிந்து தரையில் கை ஊன்றிவிட்டாள்.

மகள் சொல்லைத் தட்ட அவருக்கு மனம் வரவில்லை. வளையத்தைக் கடைசிவரை திருப்பி, நாலாவது தடத்துப் பெண்ணின் முகத்தைப் பிடித்தார்.

துப்பாக்கி வெடித்தது.

விரலை ஷட்டரிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பெண் புயலாக வந்தாள். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கிட்டே வரவர வளையத்தைப் பின்னால் திருப்பி எல்லோரையும் உள்ளே கொண்டுவர வேண்டும். ஜூம் கையில் இருப்பதே அதற்குத்தான். ஆனால் அவருடைய இடது கைக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை லென்ஸைக் கீழிருந்து தாங்குவது மட்டும்தான். இப்போதும் அது லென்ஸைத் தாங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

மைதானம் அலறியது. அவர் தலையைத் தூக்குவதற்குள் எல்லோரும் கோட்டைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

மீசை கத்திக்கொண்டே வந்து அவரைக் கட்டிப்பிடித்து உலுக்கினான். "அண்ணே! ஜெயிச்சிட்டா அண்ணே உங்க பொண்ணு! படத்தைக் காட்டுங்கண்ணே!"

அவர் கடைசிப் படத்தைத் திரையில் கொண்டுவந்தார்.

திரை முழுக்க நாலாவது தடத்துப் பெண்ணின் முகம். அப்படியொரு துல்லியம். அவள் முன்னால் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, ஏழாவது தடத்தின் பக்கம், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.