நடுவில் வந்த பெட்டி

ரெக்கார்ட் பிளேயர் ஊசிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இசைத்தட்டிலிருந்து பாட்டை எடுத்து, நீளமான வயர் வழியாக அலமாரியின் மறுகோடிக்கு அனுப்புவது ஊசியின் வேலை. அங்கே உட்கார்ந்திருந்த ஆம்ப்ளிஃபயருக்கோ பொறுமை கிடையாது. கொடுப்பதற்குள் பிடுங்கும்.

"அண்ணே, இப்படி இழுத்தா எப்படி? புல்லாங்குழல் பாதி வழியிலேயே செத்துப்போகுது" என்று ஊசி தினமும் புலம்பும்.

"நீ பேசறதே மெல்லிசு. இழுக்காம எப்படிக் கேக்கறது?" என்று அதுவும் சண்டைக்கு வரும்.

பாட்டில் ஏதோ குறைவது வீட்டுக்காரர் துரைசிங்கத்துக்கும் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளங்கை அளவு பஃபர் பெட்டி ஒன்றை இரண்டுக்கும் நடுவில் மாட்டினார். அன்று புல்லாங்குழல் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் யாரும் இழுப்பதாகவே ஊசிக்குத் தெரியவில்லை.

"அண்ணன் என்ன சொல்றாரு?" என்று பெட்டியிடம் விசாரித்தது.

"நீங்க குடுக்கறதை ஒரு துளி குறையாம அவர்கிட்ட சேத்துடுவேன். அங்கேருந்து எதையும் இந்தப் பக்கம் விடமாட்டேன். அதுக்குத்தானே என்னை வச்சிருக்காங்க" என்றது பெட்டி, மரியாதையாக.

பாட்டு முடிந்தது. வெறும் தடத்தில் சுற்றிக்கொண்டே ஊசி மெல்லக் கேட்டது: "அண்ணே, கொஞ்சம் இழுங்களேன்."

பெட்டி அதையும் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஸ்பீக்கரில் கிர்ரென்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"தூசி" என்றார் துரைசிங்கம். ஊசியைத் தூக்கி, பிரஷ்ஷால் தட்டிவிட்டார்.