முதலில் எழ வேண்டியவர்

அவர் எழவில்லை.

மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி ஸ்டெஃபா கட்டில் விளிம்பில். மகன் ஓரெஸ்ட் தன் பயணப்பெட்டியின் மேலேயே. அவர் சன்னலோர நாற்காலியில், முதுகு சாயாமல்.

உக்ரைனில் வீட்டைவிட்டு நெடும்பயணம் கிளம்புகிறவர்கள் இப்படிச் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். பேச்சு கூடாது. வீட்டுக்குப் பெரியவர் எழுந்ததும் எல்லோரும் எழுவார்கள். பிறகு வாசல்.

அவர் எழுந்தால் மகன் போய்விடுவான்.

தெருமுனையில் உஷ்ஹொரோத் நகருக்குப் போகும் பேருந்து நின்றிருந்தது. அந்த நகரில் வேறோர் கால்பந்து அணி. வேறொரு பயிற்சியாளர்.

சுவரில் அவருடைய படம். தேசிய அணியின் மஞ்சள் சட்டை, காலடியில் பந்து. நடுக்களத்தில் அவரைத் தாண்டிப் பந்து போனதில்லை என்று ஊரில் இன்றும் சொல்வார்கள்.

மகனுடைய கால்கள் அவருடைய கால்களைவிட நல்ல கால்கள்.

ஒருநாளும் அதை அவர் அவனிடம் சொன்னதில்லை.

உள்ளூர் அணிக்குப் பயிற்சியாளராக வந்த அன்றே அவனிடம் கறாராகச் சொல்லிவிட்டார். மைதானத்துக்குள் நான் உனக்கு அப்பா இல்லை. மற்ற பையன்களைப் போல என் பெயரோடு உன் தாத்தா பெயரையும் சேர்த்து, யாரெமா ஒஸ்தாபோவிச் என்று கூப்பிடு.

அவருடைய அப்பா ஒஸ்தாப்பின் குடும்பம் யாரிடமும் சலுகை வாங்கியதில்லை.

போன ஞாயிறு பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். மாற்று ஆட்டக்காரனாக இறங்க, ஓரெஸ்ட் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே வந்து நின்றான்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“என்ன கோச்சு, டீமு உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? மவனை எறக்கப் போறியாக்கும்?”

சிரிப்பு.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேறொருவனை இறக்கினார்.

ஓரெஸ்ட் மேல்சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் போனான். அந்தப் பருவம் முழுக்க அவன் இருந்த இடம் அதுதான்.

அணி தோற்றது. மகனுக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் சொல்லவில்லை.

பேருந்து ஹாரன் அடித்தது.

ஸ்டெஃபா அவரையே பார்த்தாள். அவர் மகனிடம் சொல்ல நினைத்தது ஒன்று. வெளியே வந்தது வேறு.

“இன்னும் கொஞ்சம் உக்காருடா.”

பேசக் கூடாத நேரத்தில் பேசிவிட்டார்.

“வருஷம் பூரா உக்காந்தாச்சு, யாரெமா ஒஸ்தாபோவிச்.”

அந்த வீட்டுக்குள் அந்தப் பெயரை அவன் சொன்னதே இல்லை.

அவருக்கு முன்பே எழுந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். பெட்டியை எடுத்தான். பிறகு அவர் முன்னால் வந்து நின்று, கையை நீட்டினான்.

களத்தைவிட்டு வெளியேறுகிறவன், எவ்வளவு கோபம் இருந்தாலும், பயிற்சியாளரின் கையைக் குலுக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

அதுவும் அவர் வைத்த சட்டம்தான்.