யாரும் அழுத்தாத மணி

மறுபடியும் கைதட்டல் கேட்டது. இந்தத் தடவை வாசல் கேட்டுக்கு ரொம்பப் பக்கத்தில்.

டோர்ஸ்டன் ஜன்னலைச் சாத்திவிட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். நட்டநடு மத்தியானம். பராகுவேயில் அந்த நேரத்துக்கு ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். அப்போது வந்து நிற்கிறவன் நல்லவனாகவா இருப்பான்?

"தினம் வந்து தட்டற அதே கும்பல்தான்," என்றான் குரலை இறக்கி. "வீட்ல ஆள் இருக்கான்னு நோட்டம் பாக்கறாங்க."

கட்டிலில் ஆறு வயது ஃப்ரீடா முனகினாள். சாப்பாட்டுக்கு முன்னால் புல்லுக்குள் பந்தை எடுக்கப் போனவளைப் பாம்பு கொத்திவிட்டது. கணுக்கால் கறுத்து, வீக்கம் முழங்காலை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, எரியுதும்மா..."

"இதோ வந்துருவாங்கடா கண்ணு. மருந்து வந்துரும்." ஹைகே ஈரத்துணியை மாற்றினாள்.

ஆள் அனுப்புவதாக எகோன் போனில் சொல்லியிருந்தார். இந்த வீட்டை அவர்களுக்கு முடித்துக் கொடுத்தவர் அவர். இவர்களைப் போல ஜெர்மன்காரர்தான், ஆனால் அவருடைய அப்பாவே இங்கே பிறந்தவர். "காரை எடுக்காதீங்க. நேத்து பெஞ்ச மழையில ரோடெல்லாம் சேறு, நடுவழியில மாட்டிக்கிட்டா அவ்வளவுதான். மருந்தோட ஆளை அனுப்பறேன். நீங்க கேட்டை மட்டும் திறந்து..." என்பதோடு சிக்னல் போய்விட்டது.

"கேட்டைத் திறந்து வெக்கிறதா? நல்ல கதையா இருக்கே," என்றான் டோர்ஸ்டன். "வர்றவங்க மணி அடிக்கட்டும்."

அந்த மணி ஜெர்மனியிலிருந்து அவன் துணியில் சுற்றிக் கொண்டுவந்தது. ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பி, இரும்புக் கேட் போட்டு, முதல் வேலையாக அதைத்தான் மாட்டினான். அழுத்தினால் வீடே அதிரும். என்ன பிரயோஜனம்? இதுவரை ஒருத்தர்கூட அதைத் தொடவில்லை.

அவன் ஊரில் தெருவுக்குத் தெரு கடைகள் மூடிக் கிடந்தன. ரயிலடியில் ஒரு கத்திக்குத்து நடந்த அன்றே அவன் முடிவு கட்டிவிட்டான். "இந்த நாடு முடிஞ்சுபோச்சு ஹைகே. ஃப்ரீடாவாவது பயமில்லாம வளரணும்," என்று சொல்லிச் சொல்லியே அப்பா காலத்து பேக்கரியை விற்றான். கடல் தாண்டி வந்தும் சேர்ந்தான். பயத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வர அவனுக்குத் தெரியவில்லை.

வந்த நாளிலிருந்தே இந்தக் கைதட்டல்தான். ஒருநாள் கூடையோடு ஒரு பெண், இன்னொரு நாள் தொப்பி வைத்த கிழவர். கேட்டுக்கு வெளியே நின்று தட்டுவார்கள், கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

எதிர்வீட்டு வாசலில் ரொட்டிக்காரி இப்படித் தட்டியதையும், அந்த வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே வெளியே வந்ததையும் ஹைகே ஒருநாள் மாடியிலிருந்து பார்த்தாள். "இந்த ஊர்ல சந்தோஷம் வந்தா கை தட்டுவாங்க போலிருக்கு," என்றாள். "உனக்கு எல்லாமே விளையாட்டு," என்று அவன் எரிந்து விழுந்தான்.

பட், பட், பட்.

வீட்டு நாய் கேட்டின் மேல் பாய்ந்து பாய்ந்து குரைத்தது. வெளியே நின்றவன் ஏதோ கத்தினான். அந்தக் குரைப்பில் ஒன்றும் விளங்கவில்லை.

டோர்ஸ்டன் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தான். மழைக்கோட்டு, முகம் தெரியாத ஹெல்மெட். மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய கறுப்புப் பெட்டி.

"மருந்து கொண்டுவந்த ஆளா இருந்தா?" ஹைகே எழுந்தே விட்டாள். "நான் போய்ப் பாக்கறேன்."

"நில்லு! மருந்துக்காரனா இருந்தா மணி அடிச்சிருப்பானா இல்லையா? அவன் மூஞ்சிக்கு நேரா இருக்கு, இவ்ளோ பெரிசா. அழுத்தறானா பாரு. ஏன் அழுத்தல? சொல்லு!"

பாவி, அவன் கேட்டது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

வெளியே நின்றவன் கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினான்.

டோர்ஸ்டன் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துச் சுட்டான்.

மரத்திலிருந்த கிளிகள் அத்தனையும் கிறீச்சிட்டுக் கிளம்பின. மோட்டார் சைக்கிள் உறுமி, சேற்றில் வழுக்கி, நிமிர்ந்து, வந்த வழியே பறந்தது.

"பாத்தியா?" அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தான். "நல்லவனா இருந்தா ஏன் ஓடறான்?"

ஹைகே மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மணிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். வீக்கம் முழங்காலைத் தாண்டியது. ஃப்ரீடா இப்போது முனகுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

எப்போதோ சிக்னல் வந்து போன் அலறியது. எகோன்தான்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க டோர்ஸ்டன்! டாக்டரையா சுட்டு விரட்டுவீங்க? பயந்து ஓடினவரு வளைவுல வண்டியோட விழுந்துட்டாரு. விஷமுறிவு மருந்து மொத்தமும் நொறுங்கிப்போச்சு!"

"டாக்டரா?" டோர்ஸ்டன் கேட்டில் இருந்த மணியைத் திரும்பிப் பார்த்தான். "அவரு... அவரு மணியே அடிக்கலையே எகோன்?"

"மணியா? இந்த ஊர்ல யாருங்க மணி அடிக்கிறா? வாசல்ல நின்னு கைதான் தட்டுவோம்."