முகக்கவசம் போடாத ஆசிரியை

"இந்த டீச்சர் நாளையிலிருந்து எங்க பிள்ளைங்க வகுப்புக்கு வரக்கூடாது. அவ்வளவுதான் மேடம்!"

பதினான்கு பெற்றோர் கையெழுத்திட்ட மனுவைத் தலைமையாசிரியையின் மேசைமீது வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள் அந்தத் தையற்காரி. முதல் கையெழுத்து அவளுடையதுதான். வீடுகளுக்குத் திரைச்சீலையும் கடை வாசல்களுக்கு வெயில் மறைப்பும் தைத்துக் கொடுப்பவள். பள்ளி மறுபடி திறக்கப் போகிறது என்றதும், மகளுடைய வகுப்பு முழுவதற்கும் மூன்றடுக்கு முகக்கவசம் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

அவளுடைய பயத்தில் நியாயம் இருந்தது. கொரோனா வந்து, பிழைப்பாரா என்ற நிலையிலிருந்த மாமனார் போன மாதம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார். மகள் சிட்டு பள்ளியிலிருந்து வந்து குளித்து உடைமாற்றாமல், தாத்தாவின் அறை வாசலில்கூட நிற்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"இந்த போட்டோவைப் பாருங்க மேடம். மூக்குக்கும் வாய்க்கும் போடுங்கன்னு சொன்னா தாடைக்குப் போட்டிருக்காங்க. கொரோனா என்ன, தாடை வழியாவா வருது?"

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "உங்க பொண்ணு என்ன சொல்றா?"

"அவ எங்க சொல்றா? கேட்டா வாயே திறக்கமாட்டா. டீச்சர் மேல அவ்வளவு பாசம்!"

"வாங்கம்மா. நீங்களே வந்து பாருங்க."

முற்றத்துக்கு அழைத்துப் போனார். அங்கே சுட்டெரிக்கும் வெயிலில், வகுப்பறைக்கு வெளியே நின்றுகொண்டு, திறந்த ஜன்னல் வழியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் ஆசிரியை. முகக்கவசம் தாடைக்குக் கீழேதான் கிடந்தது. உள்ளே முப்பது பிள்ளைகள், முகத்தை மூடிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

இவர்களைக் கண்டதும் ஆசிரியை பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு நாலடி தள்ளி வந்து நின்றார்.

"இதென்ன டீச்சர் கூத்து? உள்ளே போய் மாஸ்க்கோட நடத்த வேண்டியதுதானே?"

"ஒரு பிள்ளைக்குப் புரியலைம்மா."

"புரியலைன்னா?"

"அதுக்குக் காது சரியாக் கேக்கலைன்னு நினைக்கிறேன். இத்தனை நாளும் உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டிருக்கு. போன வருஷம் செல்போன்ல வகுப்பு எடுத்தப்போ, என் முகம் தெரிஞ்சுது. கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லும். பள்ளிக்கூடம் திறந்து நான் வாயை மூடிக்கிட்டு நடத்தினேன் பாருங்க, முதல் நாளே சிலை மாதிரி உட்கார்ந்துடுச்சு. உள்ளே நின்னு கழட்டறது தப்பு. அதான் வெளியே வந்துட்டேன்."

தையற்காரிக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

"எட்டு வயசுப் பிள்ளை. காது கேக்கலைன்னு பெத்தவங்களுக்குத் தெரியாதா? என்ன லட்சணத்துல வளர்க்கறாங்க?"

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. அது கெட்டிக்காரப் பிள்ளை. தனக்கு ஒரு குறை இருக்குன்னு அதுக்கே தெரியாது. வீட்டுல எப்படித் தெரியும்?"

பேசிய ஆசிரியையை அவள் அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த நெற்றி கறுத்துத் தோல் உரிந்திருந்தது. காதோரம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளா இப்படி நிக்கறீங்க?"

"ரெண்டு வாரமா. பழகிடுச்சும்மா."

தையற்காரி அண்ணாந்து வெயிலைப் பார்த்தாள். பிறகு தலைமையாசிரியையின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், மனுவை நான் திருப்பி வாங்கிக்கறேன். மத்த பதிமூணு பேருக்கும் நானே பதில் சொல்லிக்கறேன்." ஆசிரியையைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளையைப் பெத்தவ ஆயுசுக்கும் உங்களை மறக்கக்கூடாது டீச்சர்."

ஆசிரியை தயங்கினார். "அம்மா, நேத்து சிட்டுவோட டைரியில உங்களை வரச்சொல்லி எழுதியிருந்தேன்..."

"எங்க டீச்சர் பார்த்தேன்? சாயங்காலம் பூரா கையெழுத்து வாங்கறதுலயே போயிடுச்சு. இன்னைக்கு முதல் வேலை அதுதான்."

"ஒரு நிமிஷம் இருங்க..."

"நீங்க பாடத்தைப் பாருங்க. என்னால ஏற்கெனவே கால்மணி நேரம் போச்சு."

சொன்னவள் விறுவிறுவென்று நடந்து, கட்டடத்தைச் சுற்றித் தாழ்வாரத்துக்கு வந்தாள். வகுப்பறையின் கதவு பிள்ளைகளுடைய முதுகுப் பக்கம் இருந்தது. உயரமானவள் என்பதால் கடைசி வரிசையில், கதவுக்கு மிக அருகில், சிட்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சிட்டு! அம்மா போயிட்டு வரேன்."

பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், முன்வரிசைக்காரர்கள் உட்பட. குனிந்து எழுதிக்கொண்டிருந்த அவள் மகளைத் தவிர.

"சிட்டு..."

பென்சில்கூட நிற்கவில்லை.

எவ்வளவு நேரம் அந்தக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளோ, அவளுக்கே தெரியாது. மீண்டும் முற்றத்துக்கு வந்தபோது ஆசிரியை அதே இடத்தில், அதே வெயிலில், அவளை எதிர்பார்த்து நின்றிருந்தார். தலைமையாசிரியை வேறு எங்கோ பார்த்தார்.

"டீச்சர், இந்த இடத்துல எத்தனை மணி வரைக்கும் வெயில் விழுது?"

"எதுக்கும்மா?"

"நாளைக்கு முதல் மணி அடிக்கறதுக்குள்ள மறைப்பு தைச்சுக் கட்டிடறேன். நீங்க நிழல்ல நின்னுதான் நடத்தணும்." ஜன்னலின் அகலத்தைச் சாண் போட்டு அளக்கத் தொடங்கினாள். "அந்தப் பிள்ளையைப் பெத்தவ சொல்றேன்."